டிவி சந்தாவைப் பேசிக் குறைத்தோம்: அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அனுபவம்

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 2014 முதல் ஒரு டிஷ் இருக்கிறது. கீழே அம்மாவுக்கு ஒரு டிவி, மாடியில் அண்ணன் குடும்பத்துக்கு இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரு காலத்தில் மாதம் 660 ரூபாய்க்கு மேல் போய்க்கொண்டிருந்தது. இப்போது 400 ரூபாய்க்குள் அடங்குகிறது. வீட்டில் யாரும் வழக்கமாகப் பார்க்கும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. மற்ற நிறுவனங்களிலும் கணக்கு ஏறக்குறைய இந்த மாதிரிதான் ஓடுகிறது.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும், பிள்ளைகள் சென்னையிலோ வளைகுடாவிலோ இருக்க, வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் வரிசையாக வரும். பகல் முழுக்க அவர்களுக்குத் துணை டிவிதான். மகன் துபாயிலிருந்து கைப்பேசியில் ரீசார்ஜ் செய்துவிடுவான். பணம் கட்டுபவன் டிவி பார்ப்பதில்லை, டிவி பார்ப்பவருக்குக் கட்டணம் தெரியாது. இடையில் எவ்வளவு வீணாகப் போகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. இந்திச் செய்தியும் ஆங்கிலப் படமும் தெலுங்குப் பாட்டும் சேர்ந்த தொகுப்புக்கு, தமிழ் தவிர எதுவும் அறியாத ஆச்சிகள் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது ஆறவே இல்லை.

முதலில் கணக்கு. டிஷ் இணைப்பு முன்பணச் சேவை என்பதால் பில் என்று எதுவும் வீட்டுக்கு வராது. இருப்பிலிருந்து பணம் கழிந்துகொண்டே இருக்கும், தீர்ந்தால் படம் நிற்கும். அதனால் கட்டணம் எப்படி உருவாகிறது என்று பார்க்கும் பழக்கமே நமக்கு இல்லாமல் போய்விட்டது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அமைப்பின் புதிய விதிமுறை நடைமுறைக்கு வந்தபோது கட்டணம் இரண்டாகப் பிரிந்தது. இணைப்புக்கான அடிப்படைக் கட்டணம் ஒன்று. அப்போது அதற்கு உச்சவரம்பு 130 ரூபாய், 18 சதவீத வரி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களுக்கான விலை இன்னொன்று. இலவசச் சேனல்கள் முதல் பகுதியிலேயே அடக்கம். தொடக்கத்தில் அந்த 130 ரூபாய்க்கு 100 சேனல்கள். பிறகு வந்த திருத்தத்தில் 200 சேனல்கள். ஆகவே ‘230 சேனல் தொகுப்பு’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அந்த எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். அவற்றில் எத்தனை கட்டணச் சேனல், அவற்றில் எத்தனை நம் மொழி என்று மட்டும் கேளுங்கள்.

வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து நான் முதலில் கேட்டது இதைத்தான். “சார், உங்கள் தொகுப்பு இவ்வளவு ரூபாய்” என்று மொத்தத் தொகையையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அடிப்படைக் கட்டணம் எவ்வளவு, சேனல் விலை எவ்வளவு, வரி எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லும்படி கேட்டு, சொல்லும்வரை காத்திருந்தேன். கோபப்படவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. எதிரில் பேசும் பிள்ளை அன்றைக்கு எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கியிருக்குமோ!

பிரித்துச் சொன்னதுமே பெரிய ஓட்டை தெரிந்துவிட்டது. இரண்டு டிவிக்கும் தனித்தனியாக முழு அடிப்படைக் கட்டணம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வீட்டில் இரண்டாவது, மூன்றாவது டிவி இருந்தால் ஒவ்வொன்றுக்கும் அடிப்படைக் கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2020 ஜனவரித் திருத்தம் சொன்னது. 130 ரூபாயில் அது 52 ரூபாய். எங்கள் விஷயத்தில் கீழ் வீட்டு இணைப்பு அம்மா பெயரிலும் மாடி இணைப்பு அண்ணன் பெயரிலும் இருந்தன. அவர்களுடைய கணினியைப் பொறுத்தவரை இவை இரண்டு குடும்பங்கள். மாடியிலிருக்கும் பெட்டியை அம்மாவின் சந்தாதாரர் எண்ணின் கீழ் இரண்டாவது இணைப்பாக மாற்றித் தரும்படி கேட்டோம். அடையாள அட்டை கேட்டார்கள், கொடுத்தோம். பிறகு ஒரு வாரம் பேச்சு மூச்சில்லை. மறுபடி அழைத்து, புகார் எண்ணைச் சொல்லி, மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்றதும் அன்று மாலையே மாறிவிட்டது. மாதம் 78 ரூபாய், வரியோடு 92 ரூபாய் இதிலேயே குறைந்தது. பேரம் என்று எதுவும் தொடங்காமலேயே கிடைத்த குறைப்பு இது. வீட்டில் இரண்டு டிவி வைத்திருப்பவர்கள் வேறெதுவும் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

அடுத்தது சேனல் பட்டியல். இதை மதினிதான் செய்தார். தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், யார் எதைப் பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தார். அம்மாவுக்குச் சேனல் பெயரெல்லாம் பொருட்டில்லை, எண்தான் கணக்கு. ரிமோட்டில் அவர் அழுத்தும் நான்கைந்து எண்கள் மட்டும் தேய்ந்து மழுங்கிப்போயிருக்கும், மற்ற பொத்தான்கள் புதிதாகவே இருக்கும். தாள்களைக் கூட்டிப் பார்த்தபோது மொத்த வீடும் பார்த்தது பதினொரு சேனல்கள். அவற்றில் கட்டணச் சேனல்கள் ஆறு. மற்றவை செய்திச் சேனல்கள், பழைய பாட்டு போடும் சேனல்கள், அப்புறம் பொதிகை. (2024 ஜனவரியில் அதற்கு டிடி தமிழ் என்று பெயர் மாறிவிட்டது. எங்கள் மாடியில் நின்றால் பொதிகை மலையே தெரிகிறது என்பதாலோ என்னவோ, அம்மா இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்.)

எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்தால் மலிவு என்று நினைப்பவர்கள் உண்டு. அது எப்போதும் சரியில்லை. சன் டிவி, கேடிவி இரண்டும் தனியாக எடுத்தால் அப்போது தலா 19 ரூபாய், வரியோடு 22 ரூபாய் 42 காசு. இரண்டுக்கும் 38 ரூபாய் என்றால், நாங்கள் பார்த்த சமயத்தில் அதைவிடச் சற்றே கூடுதலாகக் கொடுத்து அந்தக் குழுமத்தின் தமிழ்த் தொகுப்பையே எடுத்துக்கொள்ள முடிந்தது. ஒரே குழுமத்தில் இரண்டு மூன்று சேனல் தேவைப்பட்டால் தொகுப்பாக எடுங்கள், ஒன்றே ஒன்று போதும் என்றால் தனியாக எடுங்கள். எங்களுக்கு அதிகம் மிச்சமானது வேறு இடத்தில்: ஒரே சேனலின் சாதா வடிவத்துக்கும் எச்டி வடிவத்துக்கும் சேர்த்துப் பணம் போய்க்கொண்டிருந்தது. மாடியில் இருப்பது பழைய டிவி, அதில் எச்டி வைத்து ஆகப்போவது எதுவுமில்லை. அதையும், பள்ளி திறந்த பிறகு யாரும் தொடாத குழந்தைகள் தொகுப்பையும், கிரிக்கெட் இல்லாத மாதங்களில் விளையாட்டுத் தொகுப்பையும் நீக்கினோம். இரண்டு டிவிக்கும் சேர்த்து 430 ரூபாய் அளவுக்கு இறங்கியது.

இதற்குப் பிறகுதான் பேரம். நம் ஊரில் காய்கறிக் கடையில் பேரம் பேசத் தயங்காதவர்கள் கூட இந்தத் தொலைபேசி விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை. விலை எங்கோ அச்சடித்தது என்று நினைத்துவிடுகிறார்கள். சேனல் விலை அப்படித்தான், அதை ஒளிபரப்பு நிறுவனம் நிர்ணயிக்கிறது. ஆனால் நீண்ட காலச் சந்தாவுக்குத் தள்ளுபடி தர இணைப்பு நிறுவனத்துக்கு அனுமதி உண்டு. ஆறு மாதமோ அதற்கு மேலோ சேர்த்துக் கட்டுவோருக்கு அதைக் கொடுக்கவும் செய்கிறார்கள். “கட்டணம் குறைக்க முடியுமா?” என்று கேட்டால் முடியாது என்றே பதில் வரும். “இணைப்பைத் துண்டிக்க விரும்புகிறேன்” என்றால் அழைப்பு வேறொரு பிரிவுக்குப் போகும். இதை வெறும் மிரட்டலாகச் சொல்லாதீர்கள், உண்மையாகவே மாறத் தயாராக இருந்துகொண்டு சொல்லுங்கள். எங்கள் தெருவில் கேபிள் இணைப்பு என்ன விலை என்று விசாரித்து வைத்துக்கொண்டுதான் நான் பேசினேன். மாதச் சந்தாவே இல்லாத தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ்ஷையும் யோசித்திருந்தோம். அம்மாவின் தொடர்கள் அதில் வராது என்பதால் விட்டோம்.

அந்தப் பிரிவில் பேசியவர் ஓராண்டுத் தொகையைச் சேர்த்துக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்றார். நான் மூன்று விஷயம் கேட்டேன்: வரியோடு மொத்தம் எவ்வளவு, இடையில் சேனல் விலை ஏறினால் என்ன ஆகும், ஓராண்டு முடிந்த பின் எந்தக் கட்டணத்தில் தொடரும். இரண்டாவது கேள்விக்கு அவரிடம் உடனே பதில் இல்லை, கேட்டுச் சொன்னார்: விலை ஏறினால் இருப்பு சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். நேர்மையான பதில். ஒத்துக்கொள்ளும் முன் எல்லாவற்றையும் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொன்னேன். பின்னால் ஒருமுறை சலுகை கணக்கில் ஏறாமல் போனபோது அந்தக் குறுஞ்செய்திதான் காப்பாற்றியது.

பாளையங்கோட்டையில் அக்கா வீட்டில் கேபிள். அங்கே தொலைபேசிப் பேச்சுக்கு வேலையில்லை, மாதம் பிறந்தால் கேபிள்கார அண்ணாச்சியே வண்டியில் வந்து வாங்கிக்கொண்டு போவார். அவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள, அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அடிப்படைக் கட்டணத்தில், அவருக்குச் சேனல்களை அனுப்பும் பெரிய நிறுவனத்துக்கு 55 சதவீதம், உள்ளூர்க்காரருக்கு 45 சதவீதம் என்பது விதி. 130 ரூபாயில் அவர் பங்கு 58 ரூபாய் 50 காசு. சேனல் விலையில் பெரும்பகுதி ஒளிபரப்பு நிறுவனங்களுக்கே போய்விடும். அந்த 58 ரூபாயில்தான் அவர் ஒயர் இழுக்க வேண்டும், கம்பத்தில் ஏற வேண்டும், பையனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அவரிடம் போய்ச் சேனல் விலையைக் குறை என்பது நியாயமில்லை.

அத்தான் கேட்டது வேறு. “அண்ணாச்சி, இந்த வளவில் நான்கு வீடும் ஒரே நாளில் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறோம், நீங்கள் நான்கு தடவை அலைய வேண்டாம். யாருக்கும் வேண்டாத இந்த இந்தித் தொகுப்பை எடுத்துவிட்டு, இரண்டாவது டிவிக்கு முழுக் கட்டணம் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.” அவர் கொஞ்ச நேரம் யோசித்து, “சரி தம்பி, ஆனால் ஐந்தாம் தேதி தாண்டக் கூடாது” என்றார். வீட்டுக்கு 60 ரூபாய்க்குக் குறையாமல் இறங்கியது, ஒரே பேச்சில். அவருக்கும் நட்டமில்லை. இன்றுவரை அவர் சொன்ன சொல் மாறவில்லை. ஐந்தாம் தேதியும் தாண்டவில்லை.

இன்னொன்று. அம்மா சென்னையில் தங்கை வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கும்போது கீழ் இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கச் சொல்கிறோம். முன்கூட்டியே சொன்னால் அப்படி நிறுத்திவைக்கும் உரிமை சந்தாதாரருக்கு உண்டு. அந்தக் காலத்துக்குச் சந்தா கிடையாது, திரும்ப இணைக்கச் சிறு தொகை மட்டும் வாங்குவார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் படம் வராத நாட்களுக்குக் கழிவு கேட்கலாம் என்று அண்ணன் சொன்னார். நான் கேட்கவில்லை. தாமிரபரணி கரை புரண்டு ஊருக்குள் நின்றபோது மின்சாரமே இல்லை. அதில் அவர்கள் தவறு எதுவுமில்லை.

2024 ஜூலையில் டிராய் அந்த 130 ரூபாய் உச்சவரம்பை நீக்கிவிட்டது. அடிப்படைக் கட்டணத்தை இப்போது அந்தந்த நிறுவனமே முடிவு செய்துகொள்ளலாம். முன்பு விதியைக் காட்டிக் கேட்டதை இனிப் போட்டியைக் காட்டித்தான் கேட்க வேண்டும். எங்கள் இரண்டாவது டிவிக்கு இதுவரை அதே 52 ரூபாய்தான் கழிகிறது. ஓராண்டுச் சலுகை வரும் சித்திரையில் முடிகிறது. அதற்கு முன் அழைத்து, மூன்று கேள்விகளோடு இந்த 52 ரூபாயையும் சேர்த்து எழுத்தில் வாங்க வேண்டும். தர மறுத்தால் எங்கள் தெரு கேபிள்காரர் ஒயர் இழுக்கத் தயாராக இருக்கிறார்.