டொயோட்டா 86ல் 18 அங்குல வீல்: ஒரு செட் டயர் தேய்ந்த பிறகு

டொயோட்டா 86 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் கம்பெனி கொடுத்தது 17×7 அலாய் வீல் (விட்டம் 17, அகலம் 7 அங்குலம்), ஆஃப்செட் 48 (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது காரோடு ஒட்டும் முகம் வரை உள்ள தூரம், மி.மீ.யில்), டயர் 215/45 ஆர்17 (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் அதில் 45 சதவீதம், 17 அங்குல வீலுக்கு). நான் போட்டது 18×8, ஆஃப்செட் 40, டயர் 225/40 ஆர்18. போட்ட வாரத்திலேயே எழுதினால் எல்லாமே அருமையாகத்தான் தெரியும். அந்த டயர்கள் தேய்ந்து கழன்ற பிறகு எழுதுகிறேன்.

முதலில் பொருத்தம். ரிம் 7லிருந்து 8 அங்குலம் ஆனால் இரண்டு பக்கமும் 12.7 மி.மீ. கூடும். ஆஃப்செட் 8 குறைந்தால் மொத்த வீலும் 8 மி.மீ. வெளியே நகரும். ஆக வெளிப்பக்கம் 20.7 மி.மீ., சஸ்பென்ஷன் பக்கம் 4.7 மி.மீ. வாங்குவதற்கு முன்பே பேப்பரில் போட்டுப் பார்த்துவிடலாம். "எல்லாம் சரியா உட்காரும்" என்று கடைக்காரர் சொல்வதைவிட இந்தக் கணக்கு நம்பகமானது. ஸ்பிரிங்கைத் தாழ்த்தவில்லை என்பதால் எனக்கு உரசல் தொல்லை இல்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மேட்டில் ஏற்றும்போது மட்டும் முன் மட்கார்டின் உள் லைனரை லேசாகத் தொடும்.

பலரும் கண்டுகொள்ளாதது நடுத்துளை. இந்தக் காரின் ஹப், அதாவது வீலின் நடுத்துளை போய் உட்காரும் குமிழ், 56.1 மி.மீ. வெளியில் வாங்கும் வீல்களில் துளை 73.1 மி.மீ. வரைகூட இருக்கும், எல்லாக் காருக்கும் பொருந்தட்டும் என்று. இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் போட வேண்டும். அது இல்லாமல் நட்டை மட்டும் நம்பி மாட்டினால் வீல் நூல் அளவு விலகி உட்காரலாம். அப்புறம் எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் உதறும். நட்டிலும் ஒரு சூது உண்டு. மற்ற டொயோட்டாக்களில் பெரும்பாலும் எம்12×1.5 மரை (12 மி.மீ. போல்ட், மரைக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளி), 86 சுபாருவோடு சேர்ந்து செய்த கார், அதனால் எம்12×1.25. தப்பான நட்டை ஏர் கன் வைத்து ஏற்றினால் போல்ட்டின் மரையே போய்விடும். முறுக்கு விசையை அளக்கும் ஸ்பானரான டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்து முறுக்கி, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபார்ப்பது என் வழக்கம்.

இனி ஓட்டம். ஸ்டீயரிங் கூர்மையாகிவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. டயரின் பக்கச்சுவர் 97 மி.மீ.யிலிருந்து 90 ஆனது; திருப்பியதும் மூக்கு தாமதமில்லாமல் திரும்புகிறது. அதற்கான விலையை இரண்டாம் கியரில் கொடுக்கிறோம். வீலும் டயரும் சேர்ந்து ஒவ்வொரு பக்கமும் சுமார் 2 கிலோ கூடியது, அதுவும் அச்சிலிருந்து தள்ளி விளிம்பில். மொத்த விட்டமும் 625லிருந்து 637 மி.மீ. ஆனதால் கியர் எல்லாம் 1.9 சதவீதம் நீண்ட மாதிரி. 200 குதிரைத்திறன் காரில் இது காலுக்குத் தெரியும். கரடுமுரடான சாலையில் பின்பக்கம் துள்ளுகிறது, லாரிகள் அழுத்திய தடங்களில் ஸ்டீயரிங் தானாக அலைபாய்கிறது.

பிடிமானம்? இதற்காகவே ஒரு சோதனை செய்தேன். பத்திரமாக வைத்திருந்த 17 அங்குல கம்பெனி வீலில், 18ல் போட்ட அதே மாடல் டயரை 215 அகலத்தில் மாட்டி ஓட்டினேன். வளைவுப் பிடிமானத்தில் கூடுதலாகக் கிடைத்ததில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிட்டது! 2012ல் கார் வந்தபோது அதில் இருந்தது மிஷெலின் பிரைமசி எச்பி. பிரியஸ் ஹைப்ரிடிலும் வந்த டயர் அது. குறைந்த வேகத்திலேயே பின்பக்கம் வழுக்கி விளையாட வேண்டும் என்பது 86ன் உத்தேசம். நல்ல ஸ்போர்ட்ஸ் டயர் போட்டாலே கார் மாறிவிடும். கூடுதல் ஒரு அங்குலம் தந்தது திருப்பும் கூர்மையும் அழகும்தான். அழகைக் குறைத்துப் பேசவில்லை. நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிற ஜாதிதான் நானும்.

ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது, முன்பைவிட 1.9 சதவீதம் வேகமாகப் போகிறோம். மீட்டர்களைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் செய்வார்கள் என்பதால் ஜிபிஎஸ்ஸோடு பார்த்தபோது ஆபத்தான வித்தியாசம் இல்லை. ஆனால் தூரமும் குறைத்தே பதிவாகும். மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புமுன் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ரிம் ஒன்று பள்ளத்தில் விழுந்து உள் விளிம்பு நெளிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பேலன்சிங் மெஷினில் சுற்றியபோதுதான் அகப்பட்டது. நல்ல வேளை, விரிசல் இல்லை. ஜப்பானியத் தரமான ஜே.டபிள்யூ.எல். முத்திரை வார்ப்பிலேயே உள்ள வீலாகப் பார்த்து வாங்கியிருந்தேன். முத்திரை இல்லாத மலிவு நகல்களை இந்த வேகத்துக் காரில் நான் மாட்ட மாட்டேன். டயரிலும் எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் லோடு இண்டெக்ஸ் எண் பழைய 87க்கு, அதாவது ஒரு டயருக்கு 545 கிலோவுக்கு, கீழே இறங்கக் கூடாது.

அடுத்த செட் 17×8, டயர் 225/45 ஆர்17. அகலம் இதேதான், பக்கச்சுவர் 101 மி.மீ., விட்டம் 634. ஃபோர்ஜ்டு வீல் (உலோகத்தை அழுத்தி உருவாக்கியது) விலை கட்டுப்படியானால் அது, இல்லாவிட்டால் ஃப்ளோ ஃபார்ம்டு (வார்த்த வீலின் ரிம்மை உருட்டி மெலிதாக்கியது). 18ஐ விற்கப் போவதில்லை.