டெல்டாவில் மாடல் ஜெட்: இ.டி.எஃப்பா, டர்பைனா?

ரிமோட்டில் ஓட்டும் மாடல் ஜெட்டைத் தஞ்சை, திருவாரூர் பக்கம் பறக்கவிட எங்கள் தேர்வு இ.டி.எஃப்தான், அதாவது குழாய்க்குள் சுழலும் விசிறியை மின்மோட்டார் ஓட்டும் வகை. 90 மி.மீ. விசிறி, 6எஸ் (ஆறு செல்) 5000 எம்.ஏ.எச். லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி என்றால் முழு த்ராட்டிலில் (வேகக் குச்சியை முழுக்கத் தள்ளினால்) 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மூன்று நிமிடம்கூடத் தாங்காது. த்ராட்டிலை அடக்கி ஓட்டினால் நான்கு வரும். டைமரை மூன்றரையில் வையுங்கள். சித்திரை வெயிலில் இறங்கிய பேட்டரியை ஆறவிடாமல் சார்ஜ் போட்டால் உப்பிவிடும்.

மண்ணெண்ணெயை எரித்து ஓடும் சிறு ஜெட் எஞ்சினான டர்பைனின் சத்தத்துக்கும் வேகத்துக்கும் ஈடில்லை. ஆனால் விலை லட்சத்தைத் தாண்டும். மண்ணெண்ணெயில் சுமார் 5% டர்பைன் ஆயில் கலக்க வேண்டும். ஐடிலிலிருந்து (எஞ்சின் மிகக் குறைந்த வேகத்தில் ஓடும் நிலை) முழு உந்துவிசைக்கு வரச் சில நொடி ஆகும் என்பதால், இறங்கும்போது த்ராட்டிலை முழுக்கக் குறைத்துவிட்டுக் கடைசியில் தள்ளினால் பலனில்லை. எரிபொருள் குழாயில் காற்றுக்குமிழ் புகுந்தால் எஞ்சின் அணையும். குமிழ் பிடிக்கும் சிறு டேங்க் கட்டாயம். தரையிறங்கியதும் கரண்டைத் துண்டிக்காதீர்கள். ஸ்டார்ட்டர் சுழற்றிக் குளிரவைக்காவிட்டால் பேரிங் வெந்துபோகும்.

இங்கே பெரிய ஆபத்து வைக்கோல். சம்பா அறுவடைக்குப் பின் வயலெல்லாம் காய்ந்த தாள். டர்பைன் வாலிலோ 500 டிகிரிக்கு மேல் வெப்பம். விழுந்தால் பற்றிக்கொள்ளும், பக்கத்து வைக்கோல் போரும் தப்பாது. சிமெண்ட் களத்தில் மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். கார்பன் டை ஆக்சைடு அணைப்பான் கையருகே இருக்கட்டும். பவுடர் வகை எஞ்சினையே கெடுத்துவிடும். தாளுக்கிடையே உளுந்து தெளித்திருப்பார்கள், வயல்காரரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் எதையும் பறக்கவிடாதீர்கள்.