களியக்காவிளையில் விற்கும் சார்கோமியர் மாதிரி: பிளஸ் ஒன் ஆய்வகத்துக்கு வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். சார்கோமியர் என்பது தசை சுருங்கும் மிகச் சிறிய அலகு. மாதிரியில் அதன் எல்லைகளான இரு முனை இசட் கோடுகளையும் உள்ளே தள்ளினால் மெல்லிய ஆக்டின் இழைகள் தடித்த மையோசின் மேல் சறுக்கும். ஆக்டின் மட்டும் உள்ள ஐ பட்டையும், நடுவில் மையோசின் மட்டும் உள்ள எச் பகுதியும் குறுகும். மையோசின் நீளம் முழுதும் பரவிய ஏ பட்டை அப்படியே நிற்கும். பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான்: இழை எதுவும் நீளத்தில் குறையாது, 1.6 மைக்ரோமீட்டர் மையோசின் அதே 1.6தான். கையால் தள்ளிப் பார்த்தால் சட்டென்று பிடிபடும்.

பெரிய குறை, மையோசின் இழையிலிருந்து நீட்டி நிற்கும் தலைகளை அசையாமல் ஒட்டிவிட்டார்கள். உண்மைத் தசையில் கால்சியம் ஆக்டின் இழை மேலுள்ள ட்ரோப்போனின் புரதத்தில் சேர, பிடிக்கும் இடத்தை மறைத்திருந்த ட்ரோப்போமையோசின் புரதம் விலக, தலை ஆக்டினைப் பிடித்து இழுக்கும். செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி புதிதாக வந்தால்தான் பிடியை விடும். ஏடிபி தீர்ந்தால் விடாது. பிணம் விறைப்பதும் அதனால்தான். இவ்வளவு முக்கியமான பகுதியைப் பலகையில் வரைந்துதான் காட்ட வேண்டியிருக்கிறது.

மலையாள லேபிளோடு தமிழ் லேபிளும் கேட்டு வாங்குங்கள். தூசி சேர்ந்து சிக்கினால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். எண்ணெய் விட்டால் எழுத்து அழியும்.