இடுப்பு முறிவுக்குப் பாதி மூட்டா, முழு மூட்டா?

முதியவர் வழுக்கி விழுந்து, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து துண்டுகள் விலகிவிட்டால், எலும்புத் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் பாதிக்கப்படுவதால், திருகாணி போட்டு இணைப்பது பல நேரங்களில் பலிப்பதில்லை. மூட்டையே மாற்ற வேண்டியிருக்கும். பாதி மாற்றில், பந்து போன்ற எலும்புத் தலை மட்டும் செயற்கையானது. முழு மாற்றில் இடுப்பெலும்பின் கிண்ணத்தையும் கடைந்து, அதனுள் செயற்கைக் கிண்ணம் பொருத்துவார்கள். அறுவைக்கு நேரம் கூடும், செலவும் கூடும்.

இயற்கைக் கிண்ணத்தின் குருத்தெலும்பு செயற்கைப் பந்தோடு உராய்ந்து தேயும் என்பதால் முழு மாற்றே மேல் என்று வாதிடுவோர் உண்டு. 2019இல் வெளியான 'ஹெல்த்' ஆய்வு, விழுவதற்கு முன் பிறர் துணையின்றி நடமாடிய, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 1,495 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து 24 மாதங்கள் கவனித்தது. மறு அறுவை தேவைப்பட்டவர்கள் முழு மாற்றில் 7.9 விழுக்காடு, பாதியில் 8.3, இதை வேறுபாடு என்றே சொல்ல முடியாது. மூட்டு நழுவுதல் அல்லது நிலைகுலைதல் முழு மாற்றில் 4.7, பாதியில் 2.4 விழுக்காடு. வலியிலும் நடமாட்டத்திலும் முழு மாற்று சற்றே முந்தியது. ஆனால் நோயாளி உணரக்கூடிய அளவுக்கு அல்ல.

குருத்தெலும்புத் தேய்மானத்தை அளக்க இரண்டு ஆண்டுகள் போதா என்ற மறுப்பு நியாயமானதே. ஆகவே கிண்ணத்தில் ஏற்கெனவே மூட்டுவாதம் உள்ளவருக்கும், அறுபதுகளில் சுறுசுறுப்பாக இருப்பவருக்கும் முழு மாற்றைப் பரிசீலிக்கலாம். வீட்டுக்குள் மட்டும் நடமாடும் எண்பது வயதுக்காரருக்குப் பாதி மாற்றே போதும் என்பது என் கணிப்பு.