மீசை அரும்பும் வயதுக்கு எந்தப் பாவை: கையுறையா, நிழலா?

ஒன்பது, பத்தாம் வகுப்பில் பாவையை வைத்துப் பாடம் நடத்த நினைப்பவர்கள் மரப்பாவையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பொம்மலாட்டப் பாவைகள் சில 10 கிலோ வரை கனக்கும். 45 நிமிடப் பீரியடுக்குள் அடங்காது. மிச்சம் இரண்டு: கையுறைப் பாவை, அட்டையில் வெட்டிய நிழற்பாவை. எங்கள் ஓட்டு நிழலுக்கு.

பழைய சாக்ஸில் செய்த கையுறைப் பாவையின் பலம் வாயசைவு. ஆங்கில உரையாடல் பயிற்சிக்கு அதுவே போதும். காகிதக்கூழில் தலை செய்தால் காயவே இரண்டு நாள் ஆகும். கையைத் தூக்கியே வைத்திருந்தால் தோள் கடுக்கும்; கை தாழத் தாழப் பாவை மேசைக்குள் மூழ்கும்.

இவற்றையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது கூச்சம். பதினான்கு வயதுப் பையன் கையில் பொம்மையை மாட்டிக்கொண்டு நின்றால் கடைசி பெஞ்ச் சிரிக்கும், அவன் வசனத்தை விழுங்குவான். நிழற்பாவை என்றால் திரைக்குப் பின்னால் அவன் முகம் யாருக்கும் தெரியாது; குரலை மாற்றிப் பேசத் துணிவு வரும். ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் போன 1930 உப்பு யாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டிவைத்தார்கள். கலெக்டர், விவசாயி, மரம், நூலில் தொங்கும் பொட்டலம்: நாலே உருவம். கலெக்டரின் வாதத்தையும் விவசாயியின் வாதத்தையும் மாணவர்களே எழுதட்டும். பாடம் நடப்பது அந்த இடத்தில்தான். ஆட்டம் அதற்கொரு சாக்கு.

உருவத்தைக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டுங்கள். சார்ட் பேப்பர் துவளும். முக்கால் அடி உயரம், பக்கவாட்டு முகம். ஒரு கை அசைந்தால் போதும், இன்னொன்றையும் அசைக்க வைத்தால் மூன்றாவது குச்சியைப் பிடிக்க ஆள் வேண்டும். தோளில் துளையிட்டு நூலைக் கோத்து இருபுறமும் முடிச்சிடுங்கள். இறுக்கினால் கை விறைத்துவிடும். குச்சியை செலோடேப்பால் ஒட்டினால் ஆட்டத்தின் நடுவே கழன்றுவிடும், அதையும் நூலால் கட்டுவதே நல்லது.

திரைக்கு ஒற்றை மடிப்பு வெள்ளை வேட்டி. டியூப்லைட் வெளிச்சத்தில் நிழல் மங்கும், ஆசிரியரின் செல்போன் டார்ச் கூராகக் காட்டும். அதைத் திரைக்குப் பின்னால் நாலடி தள்ளி, ஆட்டுபவர் தலைக்கு மேலே வையுங்கள். இல்லையென்றால் அவர் தலையும் ஒரு பாத்திரமாகிவிடும். பாவை துணியோடு ஒட்டியிருக்க வேண்டும், விலக விலக உருவம் பெருக்கும். இரண்டு கையிலும் குச்சி இருப்பதால் வசனத் தாளைப் பிடிக்க முடியாது. ஒருவர் ஆட்ட, இன்னொருவர் படிக்கட்டும்.

பிளஸ் டூ கணக்குக்கும் இது எடுபடும் என்று அடித்துச் சொல்ல மாட்டோம். வரலாறு, தமிழ், உயிரியலுக்குத் தாராளமாக நம்பலாம். ஆட்டம் முடிந்ததும் அட்டைப் பாவைகள் ஒரு ஃபைலில் அடங்கிவிடும். துணிப் பாவை மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஆங்கிலப் பீரியடுக்காக இரண்டு மட்டும் துவைத்து வைத்திருங்கள்.