படுத்துக்கிடக்கும் வீடியோவை நிமிர்த்த, போனில் இருப்பதே போதும்

வீடியோவைத் திருப்புவதற்கென்று ப்ளே ஸ்டோரில் தேடினால் ஆப்கள் வரிசைகட்டி வரும். பலவும் விளம்பரம் பார்க்கவைத்து, வீடியோவின் மூலையில் தன் பெயரையும் குத்தி அனுப்பும். ஐபோனின் போட்டோஸ், கூகுள் போட்டோஸ், சாம்சங் கேலரி மூன்றையும் வருடக்கணக்கில் புழங்கியதில், இந்த வேலைக்குத் தனி ஆப் தேவைப்பட்டதே இல்லை. சிக்கல் வருவது திருப்பிய பிறகுதான். அதற்குக் கீழே வருகிறேன்.

ஐபோனில் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13-லிருந்தே இந்த வசதி உண்டு. போட்டோஸில் வீடியோவைத் திறந்து, எடிட், அடுத்து க்ராப். மேலே இடதுபக்கம் வளைந்த அம்புக்குறியோடு ஒரு சதுரம் தெரியும். அதைத் தொட்டுவிட்டு டன். ஒரிஜினல் உள்ளேயே பத்திரமாக இருக்கும். எப்போது வேண்டுமானாலும் ரிவர்ட் கொடுத்துப் பழையபடி ஆக்கலாம். கூகுள் போட்டோஸிலும் எடிட், க்ராப், ரொட்டேட் அம்புக்குறி என்று அதே பாதைதான். ஆனால் அது தனிப் பிரதியாகச் சேமிக்கும். சாம்சங்கில் கேலரியில் பென்சில் படத்தைத் தொட வேண்டும். அங்கே சும்மா சேவ் கொடுக்காதீர்கள்; மூன்று புள்ளி மெனுவில் 'சேவ் ஆஸ் காப்பி' இருக்கிறது, அதையே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. அப்டேட்டுக்கு அப்டேட் பட்டன்கள் இடம் மாறும், அந்த அம்புக்குறி மட்டும் பெரிதாக மாறுவதில்லை.

ஐபோன் ஒவ்வொரு தொடுதலுக்கும் 90 டிகிரி, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பும். படத்தில் ஆளின் தலை வலதுபக்கம் சாய்ந்திருந்தால் ஒரு தொடுதல், தலைகீழாக இருந்தால் இரண்டு, இடதுபக்கம் இருந்தால் மூன்று. பக்கத்திலேயே இருக்கும் இரட்டை முக்கோணப் பட்டன் கண்ணாடிபோல் இடவலம் மாற்றுவது. அவசரத்தில் அதைத் தொட்டுவிட்டு, கடைப் பெயர்ப்பலகை திரும்பித் தெரிவதைக் கவனிக்காமல் அனுப்பிவிடுபவர்கள் நிறைய.

வீடியோ ஏன் படுத்துக்கொள்கிறது என்பது தெரிந்தால் பாதி வேலை மிச்சம். கேமரா சென்சார் எப்போதும் ஒரே வாக்கில்தான் பதிவு செய்கிறது. ரெக்கார்ட் பட்டனை அழுத்தும் நொடியில் போன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று புவியீர்ப்பை வைத்துக் கணித்து, 'இதை இத்தனை டிகிரி திருப்பிக் காட்டு' என்று ஃபைலுக்குள் ஒரு குறிப்பு எழுதிவைக்கும். அவ்வளவுதான். அதன்பிறகு போனை எப்படித் திருப்பினாலும் அந்தக் குறிப்பு மாறாது. கோலம், சமையல், மேசைமேல் பிரித்துப்போட்ட மிக்ஸி என்று நேர் கீழே பார்த்து எடுக்கும்போதுதான் இது அதிகம் சொதப்பும். போன் தரைக்கு இணையாக இருக்கையில் எது மேல்பக்கம் என்று அதற்குத் தெரிய வழியில்லை. கடைசியாக இருந்த வாக்கையே பிடித்துக்கொள்ளும். எனவே முதலில் போனை நிமிர்த்தி, வேண்டிய பக்கம் திருப்புங்கள். திரையில் ஃபிளாஷ் படம் சுழன்று நிற்பதைப் பார்த்தபின் மெல்லக் கீழே சாய்த்து, ரெக்கார்ட் அழுத்துங்கள். ஆட்டோ ரொட்டேட் அணைந்திருப்பதால்தான் இப்படி ஆகிறது என்று பலர் நினைக்கிறார்கள். போனோடு வரும் கேமரா ஆப் அந்தப் பூட்டைப் பொருட்படுத்துவதில்லை.

எடுக்கும்போதே நடுவில் போனைத் திருப்பிவிட்டால் முதல் பகுதி நேராகவும் மீதி படுத்தும் இருக்கும். முழுதாகத் திருப்பினால் இந்தமுறை முன்பாதி படுத்துவிடும். டிரிம் செய்து இரண்டு துண்டாகச் சேமித்து, பின்துண்டை மட்டும் திருப்புங்கள். ஐபோனில் டிரிம் செய்தபின் 'சேவ் வீடியோ ஆஸ் நியூ கிளிப்' கொடுத்தால் ஒரிஜினல் அப்படியே இருக்கும். இரண்டையும் ஒட்டுவதற்கு மெனக்கெடுவதைவிட இரண்டு கிளிப்பாக அனுப்பிவிடுவதே மேல்.

பிரதி எடுக்க இடமும் வேண்டும். ஐபோன் செட்டிங்ஸே சொல்லும் கணக்குப்படி ஒரு நிமிட வீடியோ 1080பி, 30 ஃபிரேமில் சுமார் 60 எம்பி. 4கே, 30 ஃபிரேமில் 170 எம்பி. பத்து நிமிட 4கே வீடியோ என்றால் இன்னொரு 1.7 ஜிபி. போன் நிறைந்திருந்தால் சேவ் பாதியில் நின்றுவிடும். கூகுள் போட்டோஸில் வீடியோ கிளவுடில் மட்டும் இருந்தால், முதலில் போனுக்கு இறக்கிவிட்டு எடிட் செய்யுங்கள்.

இனி அந்தச் சிக்கல். போனில் நேராக ஓடும் வீடியோ, பென் டிரைவில் போட்டு டிவியில் செருகினால் மறுபடி படுத்துக்கொள்ளும். சில டிவிகள் ஃபைலுக்குள் இருக்கும் திருப்புக் குறிப்பைப் படிப்பதே இல்லை. இதற்குக் கைகண்ட வழி, திருப்பும்போதே ஓரத்தில் ஒரு இழை அளவு க்ராப்பும் செய்து சேமிப்பது. க்ராப் செய்தால் படத்தையே புதிதாக எழுதியாக வேண்டும், அதனால் பெரும்பாலும் குறிப்பை நம்பவேண்டிய நிலை வராது. தரம் கொஞ்சம் குறையலாம். கல்யாண வீடியோவாக இருந்தால் ஒரிஜினலையும் வைத்துக்கொள்ளுங்கள். ஐபோனிலிருந்து விண்டோஸ் கணினிக்கு கேபிளில் எடுப்பவர்கள் ஃபைல் பெயரைப் பாருங்கள். IMG_ என்பதற்குப் பின் ஆங்கில 'E' எழுத்தோடு வருவதுதான் திருப்பியது. அது இல்லாதது பழைய ஒரிஜினல்.

ஒரே ஒருமுறை பார்ப்பதற்கு எடிட்டே வேண்டாம். ஆட்டோ ரொட்டேட்டை அணைத்துவிட்டுப் போனைக் கையால் திருப்பிப் பார்த்தால் போதும்.

ஒரிஜினலை அழிக்கும் முன் பிரதியைக் கடைசி நொடிவரை ஓட்டிப்பாருங்கள், சத்தம் உட்பட. தவறி அழித்துவிட்டால் ஐபோனில் 30 நாள், கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆனவற்றுக்கு 60 நாள் வரை குப்பைத்தொட்டியிலிருந்து மீட்கலாம்.