மெமரி எவ்வளவு மிச்சம்? லினக்ஸில் யாரிடம் கேட்பது

லினக்ஸில் ஓடும் புரோகிராம் "இன்னும் எவ்வளவு மெமரி எடுத்துக்கொள்ளலாம்?" என்று கேட்கப் பல வழிகள் உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு பதில் சொல்லும்.

கிடைக்கிறவரை மாலக் (மெமரி கேட்கும் சி ஃபங்ஷன்) செய்து பார்ப்பது மிக மோசமான வழி. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வழக்கமாகக் கையில் இருப்பதைவிட அதிகமாகவே சரி சொல்லிவிடும், அந்த மெமரியில் எழுதத் தொடங்கும்போதுதான் நிஜமான ரேமைத் தேடும், அப்போது இல்லையென்றால் உங்களுக்கு எரர்கூட வராது, மெமரி தீரும்போது இடம் பிடுங்கும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் ஏதோ ஒரு புராசஸைக் (ஓடும் புரோகிராமைக்) கொன்றுவிடும். அது பக்கத்தில் ஓடும் டேட்டாபேஸாகவும் இருக்கலாம்.

சிஸ்இன்ஃபோ வேகமானது, கெர்னலிடம் நேராகக் கேட்கும் ஒரே சிஸ்டம் கால். ஆனால் அதன் ஃப்ரீரேம் யாரும் தொடாத மெமரியை மட்டும் காட்டும். சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் பேஜ் கேஷால் (படித்த ஃபைல்களின் நகல்களால்) நிரப்பிவிடுவதால், நன்றாக ஓடும் சர்வரிலும் அந்த எண் பயமுறுத்தும் அளவுக்குச் சின்னதாக இருக்கும். சரி, கேஷையும் கூட்டிக்கொள்ளலாம் என்றால், கெர்னல் மெமரி கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோ ஃபைலின் கேஷ்டு கணக்கில் டெம்ப்எஃப்எஸ் (ரேமிலேயே இருக்கும் ஃபைல் சிஸ்டம்), புராசஸ்கள் பகிரும் ஷேர்டு மெமரி எல்லாம் அடக்கம், அவற்றைக் கெர்னல் நினைத்தபோது தூக்கியெறிய முடியாது.

இதற்காகத்தான் 2014-இல் கெர்னல் 3.14-இல் மெம்அவைலபிள் வந்தது. ஸ்வாப்புக்கு (ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடத்துக்கு) போகாமல் எவ்வளவு தர முடியும் என்பதைக் கெர்னலே மதிப்பிட்டு மெம்இன்ஃபோவில் எழுதுகிறது. பைத்தானின் பிஎஸ்யூட்டில் லைப்ரரி லினக்ஸில் காட்டும் அவைலபிள் இதுதான். சாதாரண மெஷினில் வேறு எதையும் தேட வேண்டாம்.

புரோகிராமைத் தனியாகப் பிரித்து ஓட்டும் கன்டெய்னருக்குள் கதை வேறு. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரில் 512 எம்பி வரம்பு போட்டாலும் மெம்இன்ஃபோ வழக்கமாக ஹோஸ்டின் (மொத்த மெஷினின்) கணக்கையே காட்டும், அதை நம்பி கேஷ் சைஸ் வைத்தால் புரோகிராம் செத்துப்போகும். அங்கே புராசஸ் குழுக்களுக்கு வரம்பு போடும் கெர்னல் வசதியான சிகுரூப்பைத்தான் கேட்க வேண்டும்: அதன் 2-ஆம் பதிப்பில் மெமரி.மேக்ஸிலிருந்து (வரம்பு) மெமரி.கரன்ட்டைக் (இப்போதைய பயன்பாடு) கழியுங்கள். கரன்ட்டில் ஃபைல் கேஷும் சேர்ந்திருப்பதால் மெமரி.ஸ்டாட்டில் உள்ள இன்ஆக்டிவ் ஃபைலை (அண்மையில் தொடாத ஃபைல் கேஷை) திருப்பிக் கூட்டினால் நிஜத்துக்குப் பக்கத்தில் வரும். மெமரி.மேக்ஸில் எண்ணுக்குப் பதில் 'மேக்ஸ்' என்ற சொல்லே இருந்தால் அந்த மட்டத்தில் வரம்பு இல்லை. வரம்பைப் பார்த்து ஹீப்பை (புரோகிராமின் ஆப்ஜெக்ட்டுகளுக்கான மெமரியை) அமைக்கும் வேலையை ஜாவா 10 தானே செய்துகொள்கிறது, பிறகு ஜாவா 8-இன் 8யு191 அப்டேட்டுக்கும் அது வந்தது.

என் தேர்வு: மெம்அவைலபிள், சிகுரூப் கணக்கு இரண்டையும் எடுத்து, எது சின்னதோ அதை வையுங்கள். படித்த அடுத்த நொடியே இன்னொரு புராசஸ் அதில் பாதியை எடுத்துக்கொள்ளலாம், அதனால் மொத்தத்தையும் கேட்காமல் தாராளமாக இடம் விடுங்கள்.